பங்குச்சாமி மாறிப் போன பிறகு என்ன மிஞ்சுகிறது?

கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிகிறது. திருவிழாவும் பிரமாதமாக நடக்கிறது. ஆனாலும் எங்கள் பங்கில் உயிர்ப்பு இல்லை என்றே தோன்றுகிறது. ஒரு கத்தோலிக்கப் பங்கு உண்மையிலேயே செழிக்க என்னதான் வேண்டும்?"

எங்கள் பக்கத்தில் மே, ஜூன் என்றால் சாமியார்களுக்கு மாற்றல் காலம். அந்த நேரத்தில் ஒரு பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தை, கவனித்துப் பாருங்கள், அது எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐந்தாறு வருடம் இருந்தவர் பெட்டியைக் கட்டுகிறார். சில பங்குகளில் அவரோடு சேர்ந்து இளையோர் கூட்டமும் மாலைப் படிப்பு மையமும் முதியோர் சந்திப்பும் வண்டி ஏறிவிடும். புதியவர் வந்து எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்குவார், அவரும் போவார். வேறு சில பங்குகளில் பிரிவுபசார விழாவில் எல்லாரும் கண்கலங்குவார்கள், ஆனால் மறுவாரமே அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு வழக்கமான நாளில் கூடும், மறைக்கல்வி ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டோடு நிற்பார்கள், படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். செழிப்பான பங்கு என்று நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

குருவின் இடத்தைக் குறைத்துப் பேசவில்லை. அவர் இல்லாமல் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நோயில்பூசுதல் இல்லை. ஆனால் நல்ல சாமியார் அமைந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் பங்கு, காத்துக்கொண்டேதான் இருக்கும். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 515-ஆவது விதி, பங்கு என்றால் என்ன என்று சொல்லும்போது முதலில் குறிப்பிடுவது விசுவாசிகளின் சமூகத்தை. அதைக் கவனிக்கும் பொறுப்பு பங்குத்தந்தைக்கு என்பது அடுத்து வருகிறது. இன்ன ஊர் இன்ன எல்லை என்ற பேச்சு 518-ஆவது விதிக்குப் போனால்தான் வரும்.

குரு இல்லாமலே ஒரு விசுவாச சமூகம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நம் மொழி பேசுகிறவர்களே சாட்சி. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லை. கோயில்கள் கைமாறின. 1687-இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கந்தைத் துணி உடுத்தி, கழுத்தில் செபமாலையோடு பிச்சைக்காரர்போல யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நடந்தபோது, அந்தச் செபமாலையைக் கண்டு கதவு திறக்க வீடுகள் இருந்தன. ஏறத்தாழ முப்பது வருடம் குருக்களின் பராமரிப்பே இல்லாமல் அந்த வீடுகள் விசுவாசத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அவர் அதை நன்றாகப் புரிந்துகொண்டவர். சமூகம் இருந்த இடங்களில் மூப்பர், அண்ணாவி என்று பொதுநிலையினரை, அதாவது குருக்கள் அல்லாத சாதாரண விசுவாசிகளை, பொறுப்பில் வைத்தார். அடுத்த முறை அவர் வரும்வரை செபம் சொல்லிக்கொடுப்பதும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் அவர்கள் கையில். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருக்கு முன்பே, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரும் ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகள் எனப்பட்ட ஞானோபதேசப் பொறுப்பாளர்களை வைத்துத்தான் கடற்கரை முழுவதையும் கவனித்தார். ஆட்கள் போதாமையால் செய்த ஏற்பாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கத்தோலிக்க விசுவாசம் இந்த மண்ணில் வேர் பிடித்ததே இப்படித்தான்.

இன்று அந்த இடத்தில் இருப்பது அன்பியம். முப்பது, நாற்பது குடும்பங்களுக்கு ஓர் அன்பியம், அதற்கு ஒரு பொறுப்பாளர், பங்கு அருட்பணிப் பேரவைக்கு ஒரு பிரதிநிதி என்ற அமைப்பு குமரி மாவட்டத்துப் பங்குகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஆசிய ஆயர்கள் 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடியபோது, பங்கு என்பது சிறு சமூகங்கள் சேர்ந்த சமூகமாக இருக்க வேண்டும் என்றார்கள். காகிதத்தில் எல்லாப் பங்கிலும் அன்பியம் உண்டு. நடப்பில்தான் வேறுபாடு.

அன்பியக் கூட்டத்துக்குப் போயிருப்பவர்களுக்கு ஏழு படி நற்செய்திப் பகிர்வு தெரியும். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி நம் ஊர் வீட்டு முற்றம்வரை வந்த முறை அது. ஆண்டவரை அழைக்கிறோம், பகுதியை வாசிக்கிறோம், மனதைத் தொட்ட சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், மௌனமாக இருக்கிறோம், பகிர்கிறோம். ஆறாவது படியில், நாம் செய்ய வேண்டிய பணி என்ன என்று பேசுகிறோம். ஏழாவதில் செபித்து முடிக்கிறோம். நான் பார்த்தவரை பெரும்பாலான கூட்டங்களில் ஐந்திலிருந்து நேராக ஏழுக்குத் தாவிவிடுவார்கள். மணி எட்டாகிவிட்டது, பிள்ளைகளுக்கு மறுநாள் பரீட்சை, டீ ஆறுகிறது. "ஜெபமாலை தொடர்ந்து சொல்வோம்" என்று பொதுவாக ஒன்று சொல்லி ஆறாம் படியைக் கடந்துவிடுவார்கள். பங்கு செழிப்பதும் வாடுவதும் அந்த ஒரு படியில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. திண்ணையில் பாய், முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்டூலில் வேதாகமமும் ஒரு மெழுகுவர்த்தியும். நல்ல சமாரியர் உவமை. பகிர்வு முடிந்ததும் பொறுப்பாளர் அக்கா நோட்டைத் திறந்து, "சரி, ஆறாவது படி. இந்த வாரம் என்ன செய்யப்போறோம்?" என்றார். யாரும் பேசவில்லை. அவர் விடவில்லை, அப்படியே காத்திருந்தார். கொஞ்சம் பொறுத்து ஒரு பெரியவர், மூன்றாவது வீட்டுத் தம்பி வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு நாகர்கோவில் போய்வரப் பஸ்ஸில் சிரமப்படுகிறார் என்று மெதுவாகச் சொன்னார். ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் செவ்வாயை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கு இன்னொருவர். மதியச் சாப்பாடு இரண்டு வீடுகள். அக்கா எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து, நடந்ததா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் மிக முக்கியம். பேசியதைத் திரும்பக் கேட்க ஆள் இல்லாத அன்பியம் வெறும் செபக்கூட்டமாகச் சுருங்கிவிடுகிறது.

வின்சென்ட் தே பவுல் சபை நன்றாக நடக்கும் பங்குகளிலும் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை. உதவி பெறுபவரின் வீட்டுக்கே நேரில், பெரும்பாலும் இருவர் இருவராகப் போக வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றிவரும், கையை உள்ளே விட்டு எடுப்பதால் யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கொடுத்தவர் பெயரைப் பொறித்துக் கல்வெட்டு வைக்கும் பழக்கம் மலிந்துபோன காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

அடுத்தது பணம். இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், அதனாலேயே பங்குகள் உடைகின்றன. சட்டத்தொகுப்பின் 537-ஆவது விதிப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும், விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பதல்ல. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287-ஆவது விதி. ஞாயிறு காணிக்கை, மாதச் சந்தா, மின்கட்டணம், ஒலிபெருக்கி பழுது, திருவிழா வரவு செலவு எல்லாவற்றையும் கோயில் வாசல் பலகையில் ஒட்டிவிடும் பங்கில் வதந்திக்கு வேலையில்லை. கணக்கு வெளியே வராத பங்கில் ஒரு கட்டத்துக்கு மேல் கொடுப்பவர்களின் கை சுருங்கும், பிறகு அவர்களே ஒதுங்கிவிடுவார்கள். கணக்கைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: வாணவேடிக்கைக்கும் சீரியல் விளக்குக்கும் எவ்வளவு, கோயில்பிள்ளையின் மாதச் சம்பளம் எவ்வளவு? அதிகாலை மணி அடிப்பதிலிருந்து சாவு வீட்டுக்குச் சிலுவை எடுத்துச் செல்வதுவரை செய்கிறவர் அவர். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பங்கின் மனசாட்சி தெரியும்.

இனி, எதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடுமோ, அது: சாதி. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டார், இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதை அவருடைய சாட்சியத்தின் முக்கிய பகுதியாக நினைவுகூர்கிறோம். அதே வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டிய கோயிலில், பீடத்தை நோக்கி இரண்டு கைகள்போல இரு நடைகள் வைத்து, நடுவே தடுப்போடு, சாதிவாரியாக மக்களை உட்காரவைத்தார்கள். அந்தத் தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. அகற்றியதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். கட்டடத்தில் இருந்த தடுப்பு போய்விட்டது. ஆனால் தனித்தனிக் கல்லறைத் தோட்டமும், தேர் எந்தத் தெரு முனையோடு திரும்பிவிடும் என்ற கணக்கும் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. அப்படிப்பட்ட பங்கில் பாடகர் குழு எவ்வளவு நன்றாகப் பாடினாலும், திருவிழாவுக்கு எத்தனை ஆயர்கள் வந்தாலும், அதைச் செழிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் இடத்தில் பிணத்துக்கு வேறு வேறு மண் என்றால், மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பெரும்பாலான பங்குகளை நடத்துவதே அவர்கள். வீட்டு ஆண்கள் வளைகுடாவிலோ கடலிலோ இருக்கும் ஊர்களில் அன்பியமும் மறைக்கல்வியும் மரியாயின் சேனையும் அவர்கள் தோளில்தான். வாசகர், பீடத்துணைவர் பணிகளை 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். பேரவைத் தேர்தலில் மட்டும் துணைத்தலைவர் பதவிக்கு வழக்கம்போல ஆண்களே நிற்கிறார்கள் என்றால் அந்தப் பங்கு தன் பாதி பலத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது.

வழிபாடும் மறையுரையும் முக்கியம்தான். மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார், அது நம் ஊர்வரை வந்துசேரட்டும். பாடகர் குழு மைக்கில் பாடி மக்கள் வாய்மூடி நிற்பதைவிட, சுமாரான குரல்களில் கோயிலே பாடுவது மேல்.

உங்கள் பங்கைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன். கூட்டம் வருகிறது என்றால் அடித்தளம் இருக்கிறது என்று பொருள். பேரவை என்பது ஆலோசனை சொல்லும் அமைப்பு மட்டுமே, முடிவு பங்குத்தந்தையுடையது, 536-ஆவது விதி அப்படித்தான். ஆகவே அதன் வழியாக எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று தொடங்காதீர்கள். ஆனால் தேவைகளை மேய்ப்பர்களிடம் எடுத்துச்சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட என்று 212-ஆவது விதி சொல்கிறது. அதனால் கணக்கைப் பலகையில் போடும்படி மரியாதையாகக் கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

அன்பியத்துக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் ஆறாம் படி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் வீடுகளில் கோயிலுக்கு வர முடியாமல் கிடப்பவர்கள் யார் யார்? பெயர்கள் வரும், நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக வரும். ஒரு நோட்டில் எழுதி, இருவர் இருவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர்களில் நற்கருணை வேண்டுகிறவர்கள் பட்டியலை, சாமியார் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் மாதத்தின் முதல் வெள்ளிக்கு முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள். வழி காட்ட உங்களில் ஒருவர் அவரோடு வீடு வீடாகப் போய் வாருங்கள்.