ஓட்டமும் ஜிம்மும் பெண்ட்ஸைத் தடுக்குமா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 42, உயரம் 170 செ.மீ., எடை 88 கிலோ. 15 வருடமாக கம்ப்ரஸர் ஓஸ் வைத்து (படகிலிருந்து குழாயில் காற்று வாங்கி) ஏழு முதல் பத்து பாகத்தில், அதாவது 13 முதல் 18 மீட்டரில், சங்கு குளிக்கிறேன். ஸ்கூபா சான்றிதழும் வாங்கிவிட்டேன். அடுத்து 50 மீட்டர் டெக்னிக்கல் பயிற்சிக்கு வெளியூர் போகப் போகிறேன். நன்றாக ஓடி, எடை தூக்கி உடம்பை இறுக்கிக்கொண்டால் பெண்ட்ஸ் வராது என்கிறார்கள். உண்மையா? முக்குளிக்கிற நாளில் உடற்பயிற்சி செய்யலாமா?"

பெண்ட்ஸ், அதாவது ஆழத்திலிருந்து ஏறும்போது உடம்புக்குள் வாயு குமிழியாகி வரும் நோய், வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. 50 மீட்டரில் உங்கள் மேல் இருக்கும் அழுத்தம் 6 பார், அதாவது கரையில் இருப்பதைப்போல் 6 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜனும் ஹீலியமும் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகின்றன. மேலே வரும்போது அவை மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளேயே குமிழியாகும். எத்தனை ஆழம், எத்தனை நிமிடம், எந்த வேகத்தில் ஏறினீர்கள், வாயு வெளியேற ஏறும் வழியில் காத்திருக்கும் நிறுத்தங்களை முழுதாக இருந்தீர்களா என்பவைதான் இதைத் தீர்மானிக்கின்றன. மாரத்தான் ஓடுகிறவருக்கும் அதே ஏறும் அட்டவணைதான், நிமிடத்துக்கு 9 மீட்டர் ஏற்றம்தான்.

அப்படியானால் உடல் தகுதி எதற்கு? அடியில் மூச்சு வாங்காமல் இருப்பதற்கு. நிதானமாக நீந்தும்போது நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று போகிறது என்று வைத்தால், 50 மீட்டரில் அது 120 லிட்டர். இரட்டை 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால் 4,800 லிட்டர், கணக்குக்கு 40 நிமிடம். நீவாடு (கடல் நீரோட்டம்) எதிரே இழுக்கிறது, நீங்கள் திணறுகிறீர்கள், மூச்சு 50 லிட்டராகிறது என்றால் அதே சிலிண்டர் 16 நிமிடத்தில் தீரும். அதைவிட மோசமானது கரியமில வாயு. ஆழத்தில் காற்று கெட்டியாகிவிடுவதால் நுரையீரலால் அதை வேகமாக ஊதித் தள்ள முடியாது. சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டக் கூடாது என்பது இப்போது பின்பற்றப்படும் வரம்பு. சாதாரணக் காற்று ஏறத்தாழ 31 மீட்டரிலேயே முதல் வரம்பைத் தொடுகிறது. 50 மீட்டரில் 7.5 கிராமைத் தாண்டிவிடும். அதனால்தான் ஹீலியம் கலக்கிறார்கள். 18 சதவீதம் ஆக்ஸிஜன், 45 சதவீதம் ஹீலியம் உள்ள ட்ரைமிக்ஸ் 50 மீட்டரிலும் 5 கிராமுக்குள் நிற்கும். தேங்கிய கரியமில வாயு, ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை மயக்கத்தைக் கூட்டும், அழுத்தத்தில் ஆக்ஸிஜனே நச்சாகி வரும் வலிப்பையும் முன்கூட்டியே கொண்டுவரும். மெலிந்த கலவையை எடுத்துக்கொண்டு, மூச்சுத் திணறாத உடம்போடு இறங்குங்கள்.

உடம்பு அந்த அளவுக்கு வந்ததா என்பதை டி.எம்.டி. பரிசோதனை (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பது) சொல்லும். 40 வயது தாண்டியவர் கடும் பயிற்சி தொடங்குமுன் இதை எப்படியும் செய்துகொள்ள வேண்டும். அறிக்கையில் 'மெட்' என்று ஒரு எண் இருக்கும், சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியைப்போல் எத்தனை மடங்கு உழைக்க முடிந்தது என்பது அது. 10 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும் புரூஸ் முறையில் மூன்றாம் கட்டத்தை, அதாவது 9 நிமிடத்தை, முழுதாக முடித்தால் அந்த அளவு வந்துவிடும். குறைந்தால் 50 மீட்டர் பயிற்சியை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். வாரம் மூன்று நாள் வெயில் ஏறுமுன் 40 நிமிட வேக நடை, பிறகு மெல்லோட்டம். ஒரு மாதம் கழித்து வாரம் ஒரு நாள் 4 நிமிட வேக ஓட்டம், 3 நிமிட நடை என்று நான்கு சுற்று. இன்னொரு நாள் துடுப்பு மாட்டி நிற்காமல் அரை மணி நீந்துங்கள். கடற்கரை மணலில் ஓடினால் மூட்டு தாங்குகிறதா என்று பாருங்கள். முழங்கால் வலியோடு பயிற்சிக்குப் போனால் வலி மூட்டாலா பெண்ட்ஸாலா என்று பிரித்தறிய முடியாது. எடையில் 8 கிலோ குறைவது நல்லது. நைட்ரஜன் தண்ணீரைவிடக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும், அங்கிருந்து மெதுவாகத்தான் வெளியேறும்.

இனி நேரம். 2004-இல் வெளியான குரோவேஷிய ஆய்வொன்றில், முக்குளிப்புக்கு 24 மணி நேரத்துக்கு முன் வேகமாக ஓடியவர்களின் இதயத்தில் குமிழிகள் குறைவாகத் தெரிந்தன. குமிழி குறைந்தால் நோய் வராது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் முந்தின நாள் காலை மிதமான ஓட்டம் தப்பில்லை. எடை தூக்குவதை மட்டும் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். தோள் வலி ஜிம்மால் வந்ததா குமிழியால் வந்ததா என்று படகில் உட்கார்ந்து யோசிக்கும் நிலை வேண்டாம். முக்குளிக்கும் நாளில் உடற்பயிற்சியே வேண்டாம்.

அடியில் இருக்கும்போது வேலை செய்யச் செய்ய ரத்த ஓட்டம் கூடி வாயு அதிகமாக ஏறும். எனவே அங்கே மெதுவாக. நிறுத்தங்களில் நேர்மாறு: கயிற்றை ஒரே கையால் இறுக்கிப் பிடித்துச் சிலையாகத் தொங்காமல், கணுக்காலையும் விரலையும் லேசாக அசைத்துக்கொண்டிருங்கள். குளிரும் இங்கே முக்கியம். அடியில் வெதுவெதுப்பாக இருந்து நிறுத்தத்தில் குளிர்ந்துபோவதுதான் மிக மோசமான சேர்க்கை. ரத்த நாளம் சுருங்கி வாயு வெளியேறாது. 28 டிகிரி தண்ணீரிலும் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் உடம்பு குளிரும், 5 மி.மீ. வெட்சூட்டுக்குத் தயங்காதீர்கள். வாயுவைச் சீக்கிரம் வெளியேற்ற 6 மீட்டர் நிறுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜன் சுவாசிக்கும்போது அதன் அழுத்தம் 1.6 பார், வலிப்பு வராமலிருக்க அதுவே எல்லை. அலை உங்களை 8 மீட்டருக்குத் தள்ளினால் 1.8. அந்த இடத்தில் ஆழத்தைப் பிடித்து நிற்கும் திறமைதான் உங்களைக் காப்பாற்றும், தசை அல்ல.

மேலே வந்த பிறகுதான் சங்கு குளிப்பவர்கள் தவறு செய்கிறார்கள். ஏணியில் ஏறி, நங்கூரத்தை இழுத்து, சிலிண்டர் தூக்கி, வல்லத்தைத் தள்ளிக் கரையேற்றுவது வழக்கம். ரத்தத்தில் குமிழிகள் உச்சத்தில் இருப்பது மேலே வந்த முதல் இரண்டு மணி நேரத்தில். ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியில் மூடாத சிறு வழி இருக்கும். மூச்சை அடக்கி முக்கித் தூக்கும்போது அந்த வழி திறந்து, நுரையீரல் வடிகட்டியிருக்க வேண்டிய குமிழிகள் நேராக மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் போகும். ஆகவே கடைசி நிறுத்தம் முடிந்ததும் தண்ணீரிலேயே 5 நிமிடம் மிதந்திருங்கள். சிலிண்டர்களை அங்கேயே கழற்றிப் படகில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏறுங்கள். ஆறு மணி நேரம் எதையும் தூக்க வேண்டாம், ஜிம்முக்கு 24 மணி நேரம் கழித்துப் போங்கள். நங்கூரத்தை வேறு ஒருவர் இழுக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்த 15 வருடம். 18 மீட்டரில் நிறுத்தமில்லாமல் ஏறி வர அனுமதிக்கப்படும் நேரம், அட்டவணையைப் பொறுத்து, 50 முதல் 60 நிமிடம். ஓஸ் வைத்துக் குளிப்பவர் அதே ஆழத்தில் அதைவிட அதிக நேரம் இருந்து நேராக ஏறுகிறார் என்றால், பெயர் தெரியாமல் டிகம்ப்ரஷன் முக்குளிப்பைத்தான் (ஏறும்போது நிறுத்தங்கள் கட்டாயமான முக்குளிப்பை) செய்கிறார், நிறுத்தங்கள் இல்லாமல். தோள், இடுப்பு எலும்பு உள்ளே செத்துப்போவது இப்படித்தான் தொடங்கும், வெகுநாள் வலிக்காது. தோளிலும் இடுப்பிலும் எக்ஸ்-ரே, சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். கைகால் மரத்தல், தலைசுற்றல், தோலில் சலவைக்கல் மாதிரி திட்டு ஆகியவை ஒரு முறையாவது வந்திருந்தால், குமிழி செலுத்திச் செய்யும் எக்கோ பரிசோதனை செய்து அந்த இதய வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயிற்சியில் சேருங்கள். மருத்துவரோ பயிற்றுநரோ கேட்கும்போது வந்ததை மறைக்காதீர்கள்.

தண்ணீர்: முந்தின நாளிலிருந்தே மோரோ இளநீரோ குடித்து, சிறுநீர் வெளிர் நிறமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு வைத்திருக்கும் பகலில் டிகம்ப்ரஷன் முக்குளிப்பு வேண்டாம், பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளலாம். மது ஆகாது.

முடித்த மறுநாளே விமானம் பிடிக்க நினைக்காதீர்கள். நிறுத்தங்கள் இருந்த முக்குளிப்புக்குப் பிறகு 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், கூடுதலாகவே இருக்கட்டும். மலைக்கும் இதுவே பொருந்தும். நம் ஊரில் பத்து பாகத்தில் நாளெல்லாம் குளித்துவிட்டுச் சாயங்காலம் வண்டியெடுத்துக் கொடைக்கானல் போனால், 2,100 மீட்டர் உயரத்தில் குறைந்த அழுத்தம் மிச்சமிருக்கும் வாயுவைக் குமிழியாக்கும்.

ஏறிய 24 மணி நேரத்துக்குள் மூட்டு வலி, வழக்கத்துக்கு மாறான அசதி, கால் தளர்ச்சி, சிறுநீர் பிரியாமை, சுற்றல் எது வந்தாலும் பெண்ட்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, இருப்புப் பை உள்ள முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் சுத்த ஆக்ஸிஜன் கொடுக்கத் தொடங்க வேண்டும். குறைந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. வலி போக மறுபடி தண்ணீரில் இறங்குவது பழைய வழக்கம். ஆழத்தில் வலி மறையும், ஏறும்போது இன்னும் அதிகமாகத் திரும்பும், இடையில் கால் விழுந்தால் மூழ்கிப்போவீர்கள். கடலில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554, கரையில் 108. ஆனால் ஆம்புலன்ஸ் வருமுன் எங்கே போவது என்பது தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்குப் புறப்படுமுன் அங்கே அருகில் உள்ள அழுத்த அறையை (பெண்ட்ஸ் வந்தவரை உயர் அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் இடத்தை) தொலைபேசியில் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள்: முக்குளிப்பாளரை எடுப்பீர்களா, 2.8 வளிமண்டல அழுத்தம் வரை போகுமா, இரவில் ஆள் இருப்பார்களா? பல மருத்துவமனை அறைகள் ஆறாத புண்ணுக்கானவை, எல்லாமே முக்குளிப்பாளரை எடுப்பதில்லை. வழக்கமான சிகிச்சை 18 மீட்டர் அழுத்தத்தில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நடக்கும். அந்த எண்ணை உங்கள் போனில் மட்டும் வைக்காமல், படகோட்டியிடமும் எழுதிக் கொடுங்கள்.