எமிஸில் 103, யூடைஸில் 99: விட்டுப்போன நாலு பேர்

கேள்வி: நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். மாணவர் விவரம் பதியும் தளங்களில், எமிஸில் 103 பிள்ளைகள், யூடைஸ் பிளஸில் 99தான் காட்டுகிறது. மீதி நாலு பேரையும் புதுசாகப் பதிந்துவிடலாமா? வட்டார வள மையத்திலிருந்து போன் மேல் போன்.

பதில்: அவசரத்தில் புதுப்பதிவு மட்டும் போட்டுவிடாதீர்கள். எமிஸ் மாநில அரசுடையது, யூடைஸ் பிளஸ் ஒன்றிய அரசுடையது. ஒன்றில் ஏறிய பிள்ளை இன்னொன்றிலும் ஏறிவிட்டதாக நினைக்கக் கூடாது. எமிஸில் காமன் பூலிலிருந்து (பழைய பள்ளி விடுவித்த பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) எடுத்திருப்பீர்கள். யூடைஸிலோ பழைய பள்ளி அந்தப் பிள்ளையை டிராப் பாக்ஸுக்கு (பள்ளியை விட்டுப் போனவர்களின் பட்டியல்) அனுப்பியிருக்க வேண்டும், அப்புறம்தான் பென் எண்ணையும் (யூடைஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் விழும் நிரந்தர எண்) பிறந்த தேதியையும் போட்டு நீங்கள் இம்போர்ட் செய்ய முடியும்.

சரி, முதலில் இரண்டு பட்டியலையும் வகுப்புவாரியாக எடுத்து, சேர்க்கைப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள், குழப்பம் அங்கேதான் அதிகம். தனியார் பள்ளியில் எல்கேஜி, யூகேஜி முடித்து வந்த பிள்ளைக்கு அங்கேயே பென் எண் விழுந்திருக்கும், பெற்றோருக்கே அது தெரிந்திருக்காது. நமக்கு ஒன்றாம் வகுப்பு என்றாலே புதுப்பிள்ளை என்ற நினைப்பு, அதனால் புதிதாகப் பதிகிறோம், கடைசியில் ஒரே பிள்ளை கணக்கில் இரண்டு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும். ஆதார் எண்ணும் பிறந்த ஆண்டும் கொடுத்தால் பென் எண்ணைத் தேடித் தரும் வசதி தளத்திலேயே இருக்கிறது. அங்கன்வாடியிலிருந்தோ வீட்டிலிருந்தோ நேராக வந்து, தேடியும் எண் கிடைக்காத பிள்ளைக்கு மட்டும் புதுப்பதிவு.

பழைய பள்ளி விடுவிக்கவில்லை என்றால் ரிலீஸ் ரிக்வெஸ்ட் (விடுவிக்கச் சொல்லும் கோரிக்கை) போடுங்கள். கட்டணப் பாக்கி என்று சிலர் இழுப்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவு மாற்றுச் சான்றிதழை உடனே தரச் சொல்கிறது, அது வரத் தாமதமானாலும் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. எழுத்தில் கேட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நாலு பேர்தானே என்று விட்டுவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் வரும் பள்ளி மானியம் யூடைஸ் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்காகிறது: 31 முதல் 100 வரை 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000. (அந்தப் பணம் டெல்லியிலிருந்து எப்போது வரும் என்பது தனிக் கதை.)

அபார் எண்ணுக்கு (ஒன்றிய அரசு தரும் இன்னொரு மாணவர் அடையாள எண்) பெற்றோர் ஒப்புதல் படிவம் வரவில்லை என்று இதை நிறுத்தி வைக்காதீர்கள், பென் எண்ணுக்கு அந்தப் படிவம் தேவையில்லை. நாலு பேரும் ஏறும்வரை பள்ளி விவரத்துக்குச் சான்றளித்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.