இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தை குழம்பிப்போகுமா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். நான் அவனிடம் தமிழில் பேசுகிறேன், கணவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். தமிழில் 25 வார்த்தைகள்தான் சொல்கிறான். சில நேரம் இரண்டையும் கலந்து பேசுகிறான். "பிள்ளை குழம்பிவிட்டான், தமிழை நிறுத்து" என்கிறார்கள் வீட்டில். நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. முன்பு மருத்துவர்களே வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லி அறிவுரை சொன்னதுண்டு. அதைக் கேட்டுத் தன் மொழியை விட்ட தாய்மார்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 1962-இல் மான்ட்ரியாலில் பீல், லாம்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இருமொழிப் பிள்ளைகள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முன்னால் நின்றார்கள். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்று சொன்ன முந்தைய ஆய்வுகள் பலவற்றில் குடும்பங்களின் வசதி வேறுபாட்டையே சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தமிழ் வார்த்தைகளை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். ஆங்கில வார்த்தைகளையும் சேர்க்க வேண்டும்: 'பால்' ஒன்று, 'மில்க்' ஒன்று, ஆக இரண்டு. ஒரு வாரம் தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களும் கணவரும் அவன் சொல்வதையெல்லாம் எழுதுங்கள். உச்சரிப்பு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவும் வார்த்தைதான். இரண்டு வயதில் இரு மொழியும் சேர்ந்து சுமார் 50 வார்த்தைகள் இருக்க வேண்டும், இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தும் சொல்ல வேண்டும். "மில்க் வேணும்" என்றாலும் சேர்த்துச் சொன்னதாகவே கணக்கு. கலந்து பேசுவது குழப்பம் இல்லை. அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த சொல்லை அவன் எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். பெரியவர்களும் அதைத்தானே செய்கிறோம்!

சரி, எல்லாம் சேர்த்தும் 50 வரவில்லை என்றால்? 'இரண்டு மொழிப் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்' என்று காத்திருக்காதீர்கள். இந்தச் சமாதானத்தால்தான் பல பிள்ளைகளுக்கு உதவி தாமதமாகக் கிடைக்கிறது. முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, சத்தம் மங்கலாகக் கேட்கலாம். கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, விரலால் சுட்டிக்காட்டாமல் இருப்பது, சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளை விட்டுவிடுவது, இவற்றில் எது இருந்தாலும் எண்ணிக்கையைப் பார்க்காமல் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள், அவர்களுக்கும் வீட்டு மொழியை நிறுத்தத் தேவையில்லை.

அப்பாவுக்கு ஒரு மொழி, அம்மாவுக்கு ஒரு மொழி என்ற ஏற்பாடு உங்களுக்கு வசதியென்றால் தொடருங்கள், கட்டாயம் இல்லை. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள், அவன் சொல்வதற்குப் பதில் சொல்லுங்கள். திரையில் ஓடும் பாட்டு இதற்கு ஈடாகாது.

பேச்சுப் பயிற்சியாளரிடம் போக நேர்ந்தால், நீங்கள் எழுதிய தாளைக் கொண்டுபோய், இரண்டு மொழியிலும் மதிப்பிடச் சொல்லுங்கள்.