அந்த 500 ரூபாய் யாருடையது?

கேள்வி: நாங்கள் குன்னூரில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் தேயிலைத் தூள் வியாபாரம் செய்கிறார். நல்ல ஒழுக்கம் வரும் என்று நம்பித்தான் மகனை சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் சேர்த்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். மறைக்கல்வி, முதல் வெள்ளித் திருப்பலி எல்லாம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தில், காசு சேர்க்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கு அட்டை உண்டியல் கொடுத்தார்கள். இவன் மறந்துவிட்டதால் கடைசி நாளில் நாங்களே 500 ரூபாய் போட்டு அனுப்பினோம். அன்று, எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவனின் உண்டியலைப் பிடுங்கிக் குலுக்கி, "வெறும் சில்லறைதானா?" என்று வகுப்பே சிரிக்கும்படி கேலி செய்திருக்கிறான். அந்தப் பையன் அழுதுவிட்டானாம். தலைமை ஆசிரியை எங்களை அழைத்துக் கண்டித்தார். இத்தனை வருடம் பாடம் நடத்தியவர்கள் இரக்கத்தைக் கற்றுக்கொடுக்கவில்லையே! டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா?

– ஒரு தாய், குன்னூர்

பதில்: அம்மா, பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லி எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் வீட்டைப் பற்றியவைதான். உங்களுடையதும் அப்படித்தான். மகனின் கேலியை விவரமாக எழுதிய நீங்கள், 500 ரூபாயை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவில்லை.

பள்ளிக்குப் பணம்தான் வேண்டுமென்றால் சுற்றறிக்கை அனுப்பியிருப்பார்கள், நீங்களும் கொடுத்திருப்பீர்கள். பிள்ளையின் கையில் ஏன் உண்டியலைக் கொடுத்தார்கள்? மாலையில் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேக்கரியிலிருந்து வர்க்கி வாசனை வரும். பாக்கெட்டில் காசு இருக்கும். அன்றைக்கு வாங்காமல் வீட்டுக்கு வந்து அந்தக் காசை அவன் உண்டியலில் போட வேண்டும். வயிறு கொஞ்சம் முணுமுணுக்கும். அப்படிச் சேர்த்தவனுக்கு அடுத்தவன் சில்லறையைப் பார்த்தால் சிரிப்பு வராது. உங்கள் மகன் 40 நாளும் எதையும் விடவில்லை. மறந்தால் அப்பா பார்த்துக்கொள்வார் என்பதைத்தான் கற்றுக்கொண்டான். நோட்டைப் போட்டது நீங்களா, கணவரா என்று எழுதவில்லை. எனக்கு இருவரும் ஒன்றுதான்.

காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்து, பணக்காரர்கள் நிறையப் போடுவதையும் ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போடுவதையும் பார்த்து, அவள்தான் எல்லாரையும்விட அதிகம் போட்டாள் என்று சொன்ன கதை மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் அதைக் கேட்காமல் உங்கள் மகன் எட்டாம் வகுப்புக்கு வந்திருக்க முடியாது. வருடக்கணக்கில் பள்ளி சொன்னதை நீங்கள் ஒரே இரவில் அழித்துவிட்டு, பள்ளி என்ன செய்தது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

திருச்சபைச் சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 14 வயது முடிந்தவர்களுக்குத்தான் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, கட்டாயம். ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பு, 18 முடிந்த பிறகு. அந்த வயது வராத பிள்ளைகளுக்குத் தவத்தின் உண்மைப் பொருளை யார் புரியவைக்க வேண்டும்? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252ஆம் எண், ஆன்ம மேய்ப்பர்களையும் பெற்றோரையும் சொல்கிறது. பள்ளி ஆசிரியர்களை அது குறிப்பிடவே இல்லை. கல்வியைப் பற்றி 1965இல் அறிக்கை வெளியிட்ட, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும், பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்றுதான் சொன்னது.

இன்னொன்று. அழுத பையன் லைன் வீட்டிலிருந்து வருகிறான் என்று எனக்கு எதற்குச் சொன்னீர்கள்? ஒரு பிள்ளை அழுதான் என்றால் போதாதா? உங்கள் கணவர் விற்கும் தூளுக்கு இலை பறிப்பவர்கள் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

அந்தப் பணத்தைப் போட்டது தவறு என்று முதலில் நீங்கள் இருவரும் மகனிடம் சொல்லுங்கள். பிறகு அவன் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்கட்டும். கேலி வகுப்பின் முன்னால் நடந்தது, மன்னிப்பும் அங்கேதான் கேட்க வேண்டும்; ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது மறுபடியும் கூச்சமாகுமா என்று வகுப்பாசிரியையிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சாக்லேட், பேனா எதையும் கொடுத்தனுப்பாதீர்கள், அதுவும் உங்கள் பணம்தான். ஞாயிறு திருப்பலிக்குள் இது முடியட்டும். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்கிறது.

அடுத்த தவக்காலம் வரை காத்திருக்கவும் வேண்டாம். வருடத்தின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் தவநாள்கள்தான். வெள்ளிதோறும் தன் கைச்செலவுக் காசில் எதை விடுவது என்று அவனே முடிவு செய்யட்டும். சில வெள்ளி மறப்பான். நீங்கள் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அடுத்த தவக்காலத்தில் உண்டியல் காலியாகப் பள்ளிக்குப் போக நேர்ந்தால் போகட்டும், சிஸ்டருக்கு அவனே பதில் சொல்லிக்கொள்வான்.

கணவரையும் அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். மகன் கொடுத்த பணம் எங்களுடையது என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் டி.சி. கேட்கத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.