பெல்ட்டில் போட்ட இரண்டு துளைகள்

கேள்வி: 72 வயதான என் தந்தைக்கு எட்டு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். சென்ற மாதம் குளியலறை வாசலில் திரும்பும்போது விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறோம். அவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. பேன்ட் நழுவுகிறது என்றதும் பெல்ட்டில் புதிதாக இரண்டு துளைகள் போட்டுக் கொடுத்தேன். மாத்திரை நன்றாக வேலை செய்யட்டும் என்று முட்டை, பருப்பைக்கூட நிறுத்திவிட்டோம். இனி விழாமலிருக்க மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அளவை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும். நான் கேட்க வேண்டியது அந்த இரண்டு துளைகளைப் பற்றி. அவற்றைப் போட்ட அன்று அப்பாவின் எடையைப் பார்க்க உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? எடை இறங்கினால் சதையோடு எலும்பின் அடர்த்தியும் இறங்கும். நடமாட்டம் குறைந்து, வெயில் படாமல் வைட்டமின் டி-யும் குறைந்துபோகும் இந்த நோயாளிகளுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்துதான் இருக்கும். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அடுத்து முறிவது இடுப்பெலும்பாக இருந்தால், பலர் அதன்பின் பழையபடி நடப்பதேயில்லை.

பருப்பையும் முட்டையையும் நிறுத்தியது பெரிய தவறு. புரதம், பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையின் வேலையைத் தடுக்கும் என்பது உண்மைதான். அதற்காக மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுப்பார்களே தவிர, மெலிந்துகொண்டிருக்கும் மனிதரின் தட்டிலிருந்து புரதத்தையே எடுத்துவிட மாட்டார்கள். இன்றே திரும்பக் கொடுங்கள்.

இந்த நோயில் வாசனை தெரியாமல் போகும். மெல்லவும் விழுங்கவும் நேரமாகும். வலது கையில் மாவுக்கட்டும் இடது கையில் நடுங்கும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பவர், வீட்டில் எல்லோரும் கைகழுவி எழுந்துவிட்டால், பாதித் தட்டிலேயே "போதும்" என்றுதான் சொல்வார். இப்படி எத்தனையோ கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பது மகனின் கடமை. அதை ஆள் வைத்துச் செய்ய முடியாது.

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை பெண்களுக்கு வருவது என்று நினைத்து ஆண்களைப் பரிசோதிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மாவுக்கட்டைப் பிரிக்கப் போகும்போது, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும், வைட்டமின் டி, பி12 அளவுகளுக்கான இரத்தப் பரிசோதனையும் வேண்டுமென்று நீங்களே கேளுங்கள். எலும்புக்கு மருந்து தேவைப்பட்டால், வாரம் ஒருமுறை அதற்கான மாத்திரையை விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க அவரால் இயலுமா என்பதையும் சொல்லுங்கள். இயலாதவர்களுக்குச் சிறுநீரகத்தைப் பரிசோதித்தபின் ஆண்டுக்கு ஒருமுறை ஸோலெட்ரானிக் அமிலம் என்ற எலும்பு மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றும் வழி உண்டு. அதற்குமுன், நாளைக் காலையிலேயே அவருடைய எடையைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.