காங்கேயம் மாட்டுக்கு ஸ்டாம்ப் விட்டா சரி, பாஸ்புக்குக்கு விட்டா தப்புங்களா?

கேள்வி: தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கிக்கு நூறு வருசம் ஆச்சுன்னு 1982ல ஒரு ஸ்டாம்ப் விட்டிருக்காங்க, பையனோட ஆல்பத்துல பாத்தேன். நாலு பர்சென்ட் வட்டி குடுக்கற எடத்துக்கு இந்த மரியாதை எல்லாம் எதுக்குங்க? ஸ்டாம்புக்கும் சேமிப்புக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: ஏனுங்க, 2000ல உங்கூர் மாட்டுக்கு ஸ்டாம்ப் விட்டாங்களே, அப்ப மாட்டுக்கும் ஸ்டாம்புக்கும் என்ன சம்பந்தம்னு காங்கேயத்துல இருந்து ஒரு கார்டு கூட எங்களுக்கு வரலைங்க.

சம்பந்தம் இருக்குதுங்க, நல்லாவே இருக்குது. இங்கிலாந்துல 1861லயே தபால் ஆபீஸ்ல சேமிப்பு வங்கி ஆரம்பிச்சாச்சு, ஆனா கொறஞ்சது ஒரு ஷில்லிங் இருந்தாத்தான் கட்ட முடியும், ஒரு ஷில்லிங்னா பன்னெண்டு பென்னி, கூலி வேலைக்கு போறவன் கையில அது மொத்தமா எங்க தங்கும், வீடு வந்து சேரறதுக்குள்ள பாதி கரைஞ்சிரும். 1880ல அங்க தபால் துறைக்கு தலைவரா இருந்தவரு ஹென்றி ஃபாசெட். இருபத்தஞ்சு வயசுல வேட்டைக்கு போன எடத்துல அப்பாவோட துப்பாக்கி குண்டு பட்டு ரெண்டு கண்ணும் போன மனுசன். அவரு ஒரு ஃபார்ம் அடிச்சு குடுத்தாரு, கையில ஒரு பென்னி மிஞ்சறப்ப எல்லாம் ஒரு ஸ்டாம்ப் வாங்கி அதுல ஒட்டிக்கிட்டே வாங்க, பன்னெண்டு சேர்ந்ததும் கொண்டாந்து நீட்டுனா ஒரு ஷில்லிங்னு கணக்குல ஏத்திக்குவோம்னு. தன் கண்ணால பாக்கவே முடியாத ஸ்டாம்ப உண்டியலாக்கி உட்டுட்டாரு பாருங்க. அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, 1882 ஏப்ரல் 1ல நம்ம நாட்டுல தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி வந்துச்சு. அதுக்கு ஸ்டாம்ப் விடாம வேற எதுக்கு விடறது?

அப்பறம் அந்த நாலு பர்சென்ட். கம்மிதான், இல்லீங்கல. ஆனா 2012ல பெருந்துறை பக்கம் ஈமு கோழி ஓடுன ஓட்டம் மறந்து போச்சுங்களா? லட்சக்கணக்குல கட்டுங்க, குஞ்சு குடுக்கறோம், ஷெட்டு போட்டுத் தர்றோம், மாசாமாசம் காசும் தர்றோம்னு சொன்னதும் எங்க மாமன் ஒருத்தர் நகைய அடமானம் வெச்சு கட்டுனாரு, கடைசில மிஞ்சுனது தீனி இல்லாம கத்துன கோழியும் கம்பி வேலியும்தான். அதே வீட்டுல எங்க அம்மிச்சி மோர் வித்த காசுல மாசம் நூறு ரூவா ஆர்டி கட்டிட்டு இருந்துச்சு, ஏஜென்ட் அக்கா வந்து வாங்கிட்டு போயி கார்டுல எழுதிக் குடுக்கும். அஞ்சு வருசத்துல கெழவி பணம் கெழவிகிட்ட வந்துருச்சு! பேங்க் மூழ்குனா இன்சூரன்ஸ்ல அஞ்சு லட்சம் வரைக்கும்தான், தபால் ஆபீஸ்ல போட்ட பணம் அம்புட்டுக்கும் கவர்மென்ட்டே பொறுப்பு. இதையும் வட்டி கணக்குல சேத்துக்குங்க.

துறைக்கு நான் வக்காலத்து வாங்கறேன்னு நெனச்சுக்காதீங்க. அதே அம்மிச்சிய ஒரு ஆபீஸ்ல, பேர் வேண்டாம், ரேகை சரியா உழுகலைன்னு மூணு தடவை திருப்பி அனுப்புனாங்க, சாணி வழிச்ச கையில ரேகை எங்கீங்க மிஞ்சும். ஸ்டாம்ப் விசயத்துலயும் அப்படித்தான், விதவிதமா அச்சடிக்கறாங்க, எல்லாம் நேரா ஆல்பத்துக்குத்தான் போவுது. கவுன்ட்டர்ல ஸ்பீட் போஸ்ட் குடுத்தா பார்கோடு ஸ்டிக்கர ஒட்டி அனுப்பிர்றாங்க, நீங்களே அந்த 1982 ஸ்டாம்ப இப்பத்தானே பாக்கறீங்க. கேக்கறதுன்னா இதையில்ல கேக்கோணும்?

பையனுக்கு பத்து வயசு ஆயிருச்சுங்களா? ஆயிருந்தா அவன் பேர்லயே, அவன் கையெழுத்துலயே கணக்கு தொறக்கலாம், 500 ரூவா இருந்தா போதும். ஆதாரும் போட்டோவும் எடுத்துட்டு காலைலயே போயிருங்க, சர்வர் டவுன்னு சொன்னா சண்டை போடாம மறுநாளும் போங்க.