அண்டா கழுவியவருக்கு எந்த வரிசையில் நாற்காலி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அறுப்பின் பண்டிகை, சபை ஆண்டு விழா, பங்குத் திருவிழா என்று வரிசையாக வருகிறது. யாருக்குச் சால்வை, யாருக்கு ஷீல்டு என்று கமிட்டிகளில் சண்டையும் கூடவே வந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் மாமியார் மருமகள் கடிதங்கள் அடுத்த மாதத்துக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வைத்தியத்துக்காக வேலூர் வந்து லாட்ஜுகளில் தங்கியிருக்கிற வெளி மாநிலத்தவருக்கு எங்கள் சபையிலிருந்து பத்து வருடமாகச் சனிக்கிழமை மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். பத்தாம் ஆண்டு விழாவில் உழைத்தவர்களைக் கௌரவிக்க 18,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். 25 பேருக்கு ஷீல்டும் சால்வையும் என்று முடிவு. ஆனால் பட்டியல் போட்டால் 60 பேரைத் தாண்டுகிறது. யாரை விடுவது?
— கமிட்டிச் செயலர், சத்துவாச்சாரி

பதில்: ஷீல்டை விட்டுவிடுங்கள் தம்பி, ஆட்களை விடாதீர்கள்.

முதலில் சால்வையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக முப்பத்தோரு வருடம் இருந்தவள் நான். அந்தக் காலத்தில் என் தோளில் விழுந்த சால்வைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றை வீட்டுக்கு வந்து பிரித்தால், ஓரத்தில் குண்டூசியோடு ஒரு துண்டுச் சீட்டு. இன்னொருவர் பெயரும் "தலைமையாசிரியர்" என்றும் எழுதியிருந்தது. எந்த மேடையிலிருந்து எந்த மேடைக்கு வந்ததோ! அந்தச் சால்வையை இன்றைக்கும் எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது என்னைக் கௌரவிக்க வந்தால் காட்டுவதற்கு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஷீல்டு 350 ரூபாய், சால்வை 150 என்று வைத்தாலே 25 பேருக்கு 12,500. மிச்சம் 5,500 மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் போய்விடும். சமையல்கட்டுக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சாது.

உங்கள் சாப்பாட்டு வரிசையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பாபுராவ் தெருவில் ஒரு வேலையாகப் போனபோது, லாட்ஜ் வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் நின்றுகொண்டு, "கேத்தே ஆஷுன், தாதா! கேத்தே ஆஷுன்!" என்று கூவிக்கொண்டிருந்தார். வங்காள மொழியில் சாப்பிட வாங்க அண்ணே என்று அர்த்தமாம். மாடியிலிருந்து ஒரு வயசானவர் டிபன் டப்பாவோடு இறங்கி வந்தார். "எங்க கத்துக்கினீங்க?" என்று கேட்டேன். "ஸ்கேனுக்கு வந்த ஒரு மால்டா பாட்டிம்மா சொல்லிக் குடுத்துச்சு மேடம். நம்ம பாஷையில கூப்ட்டா துட்டு கேப்பாங்களோன்னு பயந்துக்கினு உள்ளயே குந்திக்கினு இருக்குதுங்க" என்றார். சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தால் அவர்கள் தொடுவதில்லை என்று சமையல் செய்கிற அக்காவுக்குச் சொன்னவரும் அவர்தானாம். அன்றிலிருந்து தண்ணியாக ஒரு பருப்பு, உருளைக்கிழங்கு. அந்த அக்கா என்னிடம் சலித்துக்கொண்டார்: "இதுக்கு நான் எதுக்கு, அடுப்பே செஞ்சிடும்." ஆனால் சட்டி காலி.

உங்கள் 25 பேரில் அந்த ஆட்டோக்காரர் இருக்கிறாரா? அவர் உங்கள் சபை அங்கத்தினர் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

பட்டியலைக் கமிட்டி அறையில் உட்கார்ந்து போடாதீர்கள். வருகிற சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குச் சமையல்கட்டுக்குப் போய், சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். சிலிண்டர் தீர்ந்தால் போன் யாருக்குப் போகிறது, 2020இல் ஊரடங்கின்போது லாட்ஜில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குப் பொட்டலம் யார் கொண்டு போனது, 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது அடுப்பு பற்ற வைத்தது யார் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். அவர் சொல்கிற பட்டியல் உங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்காது.

மேடையில் என்ன சொல்வது என்று குழம்பினால் பைபிளில் பவுல் எழுதிய ரோமர் கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப் போகிற அதிகாரம் அது. பவுல் யாரையும் "சிறந்த சேவையாளர்" என்று சொல்லவில்லை. இவள் பலருக்கும் எனக்கும் ஆதரவாயிருந்தாள், இவர்கள் என் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தார்கள், ரூபுவின் அம்மா எனக்கும் அம்மா என்று ஆளுக்கு ஒரு காரியம் சொல்கிறார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியு என்பவர்கூட நடுவில் புகுந்து தன் வாழ்த்தை ஒரு வரி சேர்த்துவிட்டார். மினிட்ஸ் எழுதுகிற உங்களுக்கும் இடம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். ஆளுக்கு ஒரே வாக்கியம். அதில் பட்டம் வேண்டாம், செய்த வேலை இருக்கட்டும். 60 பேருக்கும் அரை மணியில் முடிந்துவிடும்; உங்கள் வரவேற்புரை அதைவிட நீளமாக இருக்கும்.

பணத்தை என்ன செய்வது? அந்தச் சமையல் அக்காவையே கேளுங்கள். குனிந்து குனிந்து கிளறுகிறவர். நீளக் காம்புக் கரண்டியும் அடுப்பு பக்கத்தில் உட்கார உயரமான ஸ்டூலும்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். மீதியில் 60 பேருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு சனிக்கிழமை இலை போடுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயசம். அன்றைக்குக் கமிட்டிக்காரர்கள் சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும், கடைசியில் அண்டாவையும் அவர்களே தேய்க்க வேண்டும். இதற்கு எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

பிடி அரிசி கொடுக்கிற வீடுகளையும் மறக்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே போடுகிற அம்மாக்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்தால்கூட, இரண்டு வேளைக்கு மாதம் மூன்று கிலோ. நாற்பது வீடு என்றால் 120 கிலோ, கிட்டத்தட்ட ஐந்து மூட்டை. ஒரே ஆள் ஐந்து மூட்டை கொடுத்திருந்தால் அவருக்கு முன்வரிசையில் சோபா போட்டிருப்போம்.

கேள்வி: எங்கள் சபை மூலம் கல்லூரிக் கட்டணம் பெற்ற மாணவ மாணவிகளை மேடையேற்றி, உதவி செய்தவர்களுக்கு அவர்கள் கையாலேயே மாலை போடச் சொல்லலாம் என்று ஒரு யோசனை. உருக்கமாக இருக்கும் அல்லவா?
— ஆசிரியை, வாலாஜாபேட்டை

பதில்: உருக்கமாகத்தான் இருக்கும் டீச்சர். பார்க்கிறவர்களுக்கு.

இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. கட்டணம் கட்டிக் கொடுத்த ஒரு நல்ல மனிதருக்குப் பாராட்டு விழா. நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, அப்பா என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு உதவி என்று மைக்கில் வாசித்தேன். அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அவள் மாலையைப் போட்டுவிட்டு இறங்கினாள். கை தட்டினார்கள். அடுத்த தவணைக் கட்டணத்துக்கு அவள் வரவில்லை. விசாரித்தால், அம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டிவிட்டார்களாம். உதவி வேண்டாம் என்று ஒரு கடிதம்கூட எழுதவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். அந்த நல்ல மனிதருக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை. அவர் மேடையே வேண்டாம் என்றார், நான்தான் வற்புறுத்தினேன்.

பிள்ளைகள் விரும்பினால் பெயர் போடாமல் ஒரு கார்டு எழுதட்டும். அதை உறையில் போட்டு அந்தப் பெரியவர் கையில் கொடுங்கள். படிப்பை முடித்து, சம்பளம் வாங்கி, தானாக வந்து மாலை போட்டால் அது வேறு கதை.

கேள்வி: எங்கள் ஏழைகள் நிதிக்கு மாதாமாதம் அரிசி கொடுப்பவர் மண்டித் தெருவில் கடை வைத்திருக்கும் பாய். ஆராதனையில் அவரைக் கௌரவித்தால் அவருக்குச் சங்கடமோ என்று சிலரும், சபைக்குச் சங்கடம் என்று சிலரும் சொல்கிறார்கள்.
— சபை மூப்பர், வேலூர்

பதில்: சபைக்குச் சங்கடம் என்றவர்கள் அந்த அரிசியைத் திருப்பிக் கொடுத்தார்களா ஐயா?

அவருடைய சங்கடம் மட்டும்தான் பேச வேண்டிய விஷயம். அதை அவரிடமே கேட்டுவிடுங்கள். ஆராதனைக்குள் வேண்டாம், சபை மண்டபத்தில், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் இல்லாமல் பார்த்து வையுங்கள். தலையில் கை வைத்து ஜெபிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சாப்பாடு போட்டால் கறி எந்தக் கடையில் வாங்கியது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவர் என்ன சொல்வார் தெரியுமா? "அதெல்லாம் எதுக்குங்க, நீங்க கடைக்கு வாங்க, டீ சாப்பிடலாம்" என்பார். அப்படியானால் மூப்பர்கள் நான்கு பேர் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். அதுவும் கௌரவிப்பதுதான்.

கேள்வி: எங்கள் வார்டு கவுன்சிலர், தன்னைச் சிறப்பு விருந்தினராக அழைக்காவிட்டால் தெருவில் பந்தல் போட விடமாட்டேன் என்கிறார்.
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: பந்தலே போடாதீர்கள். ஆலய வளாகத்துக்குள் வேப்ப மரம் இருக்குமே.

கேள்வி: சபையின் முதியோர் இல்லத்துக்கு ஒரு அறை கட்ட ஒரு அம்மையார் பணம் தருகிறார். மறைந்த தன் கணவர் பெயரைச் சுவரில் பொறிக்க வேண்டும் என்கிறார். வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று எங்கள் வாலிபர் சங்கம் எதிர்க்கிறது. என்ன செய்வது?
— பொருளாளர், ராணிப்பேட்டை

பதில்: வாலிபர் சங்கத்தாரிடம் ஒரு கேள்வி: வேலூர் ஆரணி ரோட்டில் கண் காட்ட எங்கே போகிறீர்கள்? ஷெல் ஆஸ்பத்திரிக்கு. அந்த ஷெல் யார்? உங்கள் ஊரில் பிறந்து, பின்னால் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர், படிப்பை முடித்து வேலூர் வருவதற்கு முன், நியூயார்க்கில் ஒரு பாங்க்காரர் 10,000 டாலர் கொடுத்தார். காலமான தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக. 1902இல் நாற்பது படுக்கையோடு திறந்தது அந்த ஆஸ்பத்திரி. பெயர் போட்டதால் யாருக்கு என்ன குறைந்தது? மனைவியை நினைத்து அழுத ஒரு மனிதரின் துக்கம் நூறு வருடத்துக்கு மேலாக ஊருக்கு வைத்தியம் பார்க்கிறது.

இடது கை வசனம் கொடுக்கிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. வாங்கிக்கொள்கிறவர்கள் அதை எடுத்து ஒரு விதவையின் மேல் வீசக்கூடாது.

ஆனால் பொருளாளரே, பெயர்தான் சுவரில். அந்த அறையில் யாரைச் சேர்ப்பது என்ற முடிவு இல்லத்தின் கையிலேயே இருக்கட்டும். இதைப் பணம் வாங்கும் முன் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனஸ்தாபம்.

கேள்வி: எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையினர் பல வருடமாக ஏழைகள் வீடு தேடிப் போகிறார்கள். செப்டம்பர் 27 புனிதரின் திருநாளில் அவர்களைக் கௌரவிக்க நினைத்தால், மேடை வேண்டாம் என்று ஒரே பிடிவாதம்.
— பங்குப்பேரவை உறுப்பினர், திருப்பத்தூர்

பதில்: அவர்கள் பிடிவாதம் 1833இல் பாரிஸில் தொடங்கியது. ஓசானாம் என்ற இருபது வயதுக் கல்லூரிப் பையனும் அவன் கூட்டாளிகளும் ஆரம்பித்த சபை அது. இரண்டிரண்டு பேராகப் போவார்கள், அந்த வீட்டில் பார்த்ததை வெளியே பேசமாட்டார்கள். கூட்டத்தில் பை சுற்றி வரும்போது யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இவர்களை மேடையில் ஏற்றினால் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று ஊர் கணக்குப் போடும். விட்டுவிடுங்கள். உங்களில் நாலு இளவட்டங்கள் அந்தச் சபையில் பெயர் கொடுத்து, அவர்களுடைய டூவீலருக்கு ஒரு மாதம் பெட்ரோலும் போடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக எங்கள் கோயிலில் அன்னதானத்துக்குப் பாத்திரம் கழுவுகிறேன். ஒருமுறைகூட என் பெயரைச் சொன்னதில்லை. போன விழாவில் அண்டா வாங்கிக் கொடுத்தவருக்குச் சால்வை போட்டார்கள். அண்டாவிலும் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அந்தப் பெயரைத் தேய்க்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகிறது. இது பாவமா?
— ஒரு சகோதரி

பதில்: பாவம் இல்லை தங்கச்சி. பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு மாதிரி ஆகிறது என்கிறீர்கள், எனக்கு இரண்டாவது வாரமே ஆகியிருக்கும்.

எந்த ஊர், எந்தக் கோயில் என்று எழுதவில்லை. உறையின் மேல் தபால் முத்திரையும் பாதிதான் விழுந்திருக்கிறது, "...பாடி" என்று மட்டும் தெரிகிறது. காட்பாடியா, தொரப்பாடியா? ஒரு கார்டு போடுங்கள். பெயரை நான் யாரிடமும் சொல்லமாட்டேன், உங்களுக்கு விருப்பம் என்றால் தவிர. ஒரு வாரம் நானும் வருகிறேன். முட்டி மடக்க முடியாது, ஆனால் ஒரு முக்காலி போட்டால் அண்டா தேய்ப்பேன். சாம்பலும் புளியும் மட்டும் எடுத்து வையுங்கள். அந்த பச்சை நார் எனக்குக் கைக்கு அடங்காது.